மனோகரன் சாரின் இருமல்

மனோகரன் பொய் சொல்லமாட்டார். இதெல்லாம் ஒரு பெருமையா என்று கேட்பவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்தேழு வருஷம் சூப்பர்வைசராக இருந்து பார்க்க வேண்டும். லேட்டாக வந்தவன் பஸ்ஸின் மேல் பழி போடுவான். சரக்கு கெட்டுப்போனால் ஆபரேட்டர் டை என்கிற அச்சைக் கைகாட்டுவான், டை செய்தவன் தகட்டைக் கைகாட்டுவான். மனோகரன் தன் தப்பென்றால் தன் தப்பு என்பார், இல்லையென்றால் இல்லை என்பார். மாமியார் செத்துப்போனதாகச் சொல்லி ஒருநாளும் லீவு எடுத்ததில்லை. அவருடைய மாமியார் தெற்கே நாசரேத்தில் நிஜமாகவே செத்துப்போனபோது, மறுபேச்சில்லாமல் மூன்று நாள் கொடுத்தார்கள்.

அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் போகிற தெருவில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் அவருடைய சபை இருந்தது. "நம்ம மனோகரன் பிரதர் ஒரு நீதிமான்" என்று பாஸ்டரே ஒருமுறை மைக்கில் சொல்லியிருக்கிறார். அப்போது மனோகரன் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மட்டும் அதைப் பற்றி மனைவி ராஜகுமாரியிடம் இரண்டு தரம் பேசினார்.

இப்பேர்ப்பட்ட மனுஷருக்கு ஒரு இருமல் இருந்தது. டாக்டரிடம் காட்டுகிற இருமல் இல்லை. வீட்டில் வராது, சபையில் வராது. பிரஸ் லைனுக்குள் நுழைகிற வாசலில், தண்ணீர் டிரம் வைத்திருக்கிற இடத்தில் மட்டும் வரும். இரண்டு தடவை, கொஞ்சம் பலமாக. இருமிவிட்டு நாலைந்து விநாடி அங்கேயே நிற்பார். பிறகு உள்ளே போவார்.

அந்த நாலைந்து விநாடியில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். லைனில் பதினோரு சின்ன பிரஸ்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பச்சைப் பட்டன்கள், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டையும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் டைக்குள் கை இருக்காது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அப்படி ஒழுங்காக அமுக்கினால் ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து அறுநூறு பீஸ் தாண்டாது. போர்டில் எழுதியிருக்கிற டார்கெட் இரண்டாயிரத்து நானூறு. மேலேயிருந்து வருகிற எண்தான். சாக்பீஸ் பிடித்து எழுதுகிற கை மனோகரனுடையது.

அதனால் பெண்கள் சைக்கிள் டியூபை நாடா போல வெட்டி வைத்திருந்தார்கள். வலது பக்கத்துப் பட்டனை அமுக்கியபடியே அதனால் கட்டிவிட்டால், வலது கை பீஸ் வைக்கவும் எடுக்கவும் மிச்சமாகும். இடது கை மற்றப் பட்டனைத் தட்டும். பழைய மிஷின், ஏமாந்துவிடும். வாசலில் இருமல் கேட்டதும் பதினோரு வலது கைகளும் டியூபை உருவி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொள்ளும். மனோகரன் உள்ளே வரும்போது எல்லாரும் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருப்பார்கள், இன்ஸ்பெக்ஷன் நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது போல. அவர் போனதும் மறுபடி கட்டுவார்கள்.

"கட்டுங்கள்" என்று மனோகரன் ஒருநாளும் சொன்னதில்லை. கட்டியிருந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை. வேதத்தின் மேல் கைவைத்துச் சொல்வார், அது உண்மைதான். காது என்று ஒன்று அவருக்கும் இருந்தது. கட்டாத லைன் நின்று நின்று தட்டும், கட்டிய லைன் விடாமல் தட்டும், டூல் ரூமில் உட்கார்ந்திருந்தாலே தெரிந்துவிடும். ஆனால் காதில் விழுந்ததைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, நாலாவது மிஷினில் தாட்சாயிணியின் வலது கை டைக்குள் இருக்கும்போது இடது கை பட்டனைத் தட்டிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. தாட்சாயிணிக்கு இருபத்துநாலு வயது, குத்தம்பாக்கத்துப் பெண். ஒரு காண்டிராக்டர் மூலமாக வேலைக்கு வந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. சத்தம் கேட்டு மனோகரன் டூல் ரூமிலிருந்து ஓடினார். அன்றைக்கு அவர் வாசலில் இருமவில்லை, இருமத் தோன்றவில்லை. ஓடிப்போய் நின்றபோது அந்த டியூப் பட்டன் மேல் கட்டியபடி இருந்தது. அன்றுதான் அதை முதல்முறையாகப் பார்த்தார்.

மறுநாள் ஹெச்ஆர் மேனேஜர் பிரசன்னா ஒரு அறிக்கைத் தாளை அவர் முன்னால் வைத்தான். முப்பது வயதுகூட ஆகாதவன், மரியாதையாகப் பேசுவான்.

"சார், யாரும் உங்கள பொய் எழுதச் சொல்லல. உண்மைய எழுதுங்க, அது போதும்."

கடைசியில் மூன்று கேள்விகள் இருந்தன. பட்டன் கட்டப்பட்டிருந்ததா? கட்டியது யார்? இப்படிக் கட்டியதை மேற்பார்வையாளர் இதற்கு முன் பார்த்திருக்கிறாரா? தாளைக் கையில் எடுத்துக்கொண்டு டூல் ரூமுக்கு வந்தார். அங்கே கனிமொழி நின்றிருந்தாள். தாட்சாயிணிக்குப் பக்கத்து மிஷினில் வேலை செய்கிறவள்.

"சார், கட்டலன்னு எழுதிடுங்க சார். மிஷினு தானா எறங்கிச்சுன்னு எழுதுங்க. இல்லாங்காட்டி அவள தூக்கிடுவாங்கோ. நஷ்டஈடும் கெடைக்காது."

"என்னைப் பொய் எழுதச் சொல்றியா கனிமொழி?"

கனிமொழி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "வேணாம் சார். நீங்கோ பொய் எழுத வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆம். தாட்சாயிணி. இல்லை. மூன்று பதிலையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். மூன்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒரு சோதனை வந்தது, அதில் விழாமல் நின்றோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இந்த மாதிரி நேரங்களில் வழக்கமாக மனசில் ஒரு நிம்மதி வந்து உட்காரும். அன்றைக்கு அது வரவில்லை.

வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். ராஜகுமாரி கேட்டதற்கு, கம்பெனியில் ஒரு பெண்ணுக்கு அடிபட்டதையும், பொய் எழுதச் சொல்லி வந்த நெருக்குதலையும், தான் மறுத்ததையும் சொன்னார்.

"அதெல்லாம் சரி. அந்தப் பிள்ள எப்படி இருக்கா?"

மனோகரனுக்குத் தெரியவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் தெரியும்.

"போய்ப் பாக்கலயா?"

"அறிக்கை கொடுத்த ஆளு போய்ப் பாத்தா தப்பா எடுத்துக்குவாங்க."

மறுநாள் ராஜகுமாரி தானே ஒரு தூக்குவாளியில் ரசஞ்சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் எடுத்துக்கொண்டு போய்வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை போனாள். போனதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

ஒரு வாரம் போயிற்று. இருமல் மட்டும் போகவில்லை. வாசலில் வந்து நின்றால் தானாக வந்தது. லைனில் எல்லாரும் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். தூக்கம் சரியாக இல்லாததால் சனிக்கிழமை பாஸ்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். எப்படிச் சொன்னார் என்றால், ராஜகுமாரியிடம் சொன்ன மாதிரியேதான்.

"பிரதர், இது சாத்தானோட போராட்டம். சத்தியத்துக்காக நின்னதால வர்ற பாரம்" என்றார் பாஸ்டர். "நாளைக்கு சபையில எழுந்து சாட்சியா சொல்லிருங்க. நம்ம வாலிபர்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்."

அன்று மாலை ராஜகுமாரி, "நாளைக்கு ஒரு பிள்ளையச் சபைக்குக் கூப்பிட்டிருக்கேன், ஜெபம் பண்ண" என்றாள். அவள் எப்போதும் தெருவில் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பாள். சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் என்ன பேசவேண்டும் என்று மனோகரன் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிறைய. மாடிப்படி முழுக்கச் செருப்பு. இரண்டு பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம் வந்தது. ஒரு அம்மா மகளுக்கு வேலை கிடைத்ததற்காக ஸ்தோத்திரம் சொன்னார். ஒருவர் கல்லடைப்பு வலி நின்றதைச் சொன்னார். அடுத்து மனோகரன் எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இந்த நாட்கள்ல ஆண்டவர் என்னைப் பெரிய ஒரு சோதனையில..."

மைக்கைக் கொஞ்சம் விலக்கி, இரண்டு தடவை இருமினார். கொஞ்சம் பலமாக.

பெண்கள் பக்கத்தில், கடைசி வரிசையில், வெள்ளைக் கட்டுப் போட்ட ஒரு கை விருட்டென்று எழுந்தது. முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில், வலது ஓரத்தில் போய் எதையோ பிடித்து உருவப் பார்த்தது. உருவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. உருவுவதற்கு வேண்டிய இரண்டு விரலும் அந்தக் கையில் இல்லை. கட்டு நாற்காலியில் இடித்த வலியில் அவள் முகம் சுருங்கியது. பிறகு தாட்சாயிணி தன் கையை, அது வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்தாள். மெதுவாக மடிக்கு இறக்கி, துப்பட்டாவை எடுத்து மூடினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜகுமாரி என்னவென்று புரியாமல் அவள் தோளைத் தொட்டாள்.

அந்த அறையில் இருந்த எழுபது எண்பது பேரில் அது என்னவென்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். மனோகரனுக்கு, யோசித்து வைத்திருந்த சாட்சியில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

"ஆமென், சொல்லுங்க பிரதர்" என்றார் பாஸ்டர் பின்னாலிருந்து.

"நான் பொய் சொல்லமாட்டேன்" என்றார் மனோகரன். "எல்லாருக்கும் தெரியும். பொய் சொல்ற நிலைமை வந்துரக் கூடாதுன்னுதான் இருமுவேன்."

சபை ஒன்றும் புரியாமல் பார்த்தது. அவர் முன்பின்னாகச் சொன்னார். பட்டனைச் சொன்னார், டியூபைச் சொன்னார், தண்ணீர் டிரம்மைச் சொன்னார். போர்டில் எண்ணைத் தானே எழுதியதைச் சொன்னார். "நான் பாக்கலன்னு எழுதிக் கொடுத்தேன். நான் பாக்கல. பாக்கக் கூடாதுன்னுதான் இருமினேன். அந்தப் பிள்ளைக்கு விரல் போச்சு" என்றார். பழக்கதோஷத்தில் யாரோ ஒருவர் "அல்லேலூயா" என்றார், பிறகு வாயை மூடிக்கொண்டார். மனோகரன் அழுதார்.

பாஸ்டர் எழுந்துவந்து மைக்கைப் பக்குவமாக வாங்கிக்கொண்டார். நம் சகோதரன் எவ்வளவு தன்னைத் தாழ்த்துகிறார், உடைந்த உள்ளத்தைத் தேவன் தள்ளமாட்டார் என்றெல்லாம் சொன்னார். கீபோர்டுக்குக் கைகாட்டினார், எல்லாரும் பாடினார்கள். கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் மனோகரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இப்படி ஒரு சாட்சியைக் கேட்டதே இல்லை என்றார்கள். அவருக்கும் மனசு லேசாகிவிட்டது. அழுதால் லேசாகத்தான் செய்யும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

கீழே படிக்கட்டு முடிகிற இடத்தில் தாட்சாயிணி நின்றிருந்தாள். கூடவே அவளுடைய அப்பா துலுக்கானம். ஒரு காலத்தில் ஊரில் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்தவர், இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன். மனோகரன் கிட்டே போய்க் கைகூப்பினார்.

"தாட்சாயிணி, என்னை மன்னிச்சிரும்மா."

"நல்லா பேசினீங்கோ சார்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஆனா இங்க பேசி எனக்கு இன்னா சார்? இங்க கீறவங்கோ யாரும் என்ன வேலைய உட்டுத் தூக்கல. தூக்குனவங்கோ அங்கல்ல கீறாங்கோ."

துலுக்கானம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"நேத்து வந்திச்சு சார். எனக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் பொண்ணு படிச்சு சொன்னா அழுதுகினே சொல்லுது, ஒண்ணும் வெளங்கல. நீ கொஞ்சம் படிச்சு சொல்லு சார்."

மறுக்க வழியில்லை. ஹார்டுவேர் கடை ஷட்டருக்கு முன்னால் நின்று மனோகரன் படித்தார். மேற்பார்வையாளரின் அறிக்கையின்படி பட்டனைக் கட்டியது மேற்படி தொழிலாளியே. இவ்வாறு கட்டப்பட்டதை மேற்பார்வையாளர் இதற்கு முன் ஒருபோதும் பார்த்ததில்லை. எனவே விபத்துக்குத் தொழிலாளியின் சொந்த அஜாக்கிரதையே காரணம் என்பதால் இன்று முதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். கடைசி வரி வரும்போது குரல் எழும்பவில்லை. துலுக்கானம் காதைப் பக்கத்தில் கொண்டுவந்து, "இன்னா சார், இன்னொரு தபா சொல்லு" என்றார். இன்னொரு தடவையும் படித்தார்.

"மேற்பார்வையாளர்னா யாரு சார்?"

"நான்தாங்க."

துலுக்கானம் தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். திட்டியிருந்தால் மனோகரனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து ராஜகுமாரி மீன் கழுவினாள், அரிசி களைந்தாள். பிறகு ஈரக்கையோடு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"சபையில அழுதீங்க. நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?"

"அங்க போய்ச் சொன்னா வேலை போயிரும் ராஜகுமாரி. ரிடையர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"அவளுக்கு முப்பத்துநாலு வருஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை மனோகரன் தண்ணீர் டிரம்மிடம் வந்தபோது தொண்டை தானாக அரித்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தார். இருமாமல் உள்ளே போனார்.

பதினோரு மிஷினில் ஒன்பதில் டியூப் கட்டியிருந்தது. தாட்சாயிணியின் மிஷினில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அதிலும் கட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும் ஒவ்வொரு மிஷினாக நின்றது. புதுப் பெண் பயந்துபோய் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். கனிமொழிதான் முதலில் பேசினாள்.

"இன்னா சார், இருமாம வந்துட்டீங்கோ?"

நம்பினவர் கழுத்தறுத்துவிட்ட மாதிரிக் கேட்டாள். அவ்வளவு நாளும் அந்த இருமலை அவர்கள் ஒரு இரக்கமாகத்தான் நினைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் மனோகரனுக்கு உறைத்தது. நல்ல மனுஷன், காட்டிக்கொடுக்காமல் இருமிவிட்டு வருகிறார் என்று. அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"அவுத்துருங்கம்மா. யார் பேரையும் எழுத மாட்டேன்" என்றார். போர்டிடம் போய் இரண்டாயிரத்து நானூறை உள்ளங்கையால் அழித்துவிட்டு ஆயிரத்து அறுநூறு என்று எழுதினார். அந்தச் சாக்பீஸ் கையோடு நேராக ஹெச்ஆர் அறைக்குப் போய், இன்னொரு அறிக்கைத் தாள் கேட்டார்.

பிரசன்னா முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. "சார், முடிஞ்சுபோன விஷயம். ஃபைல் மேல போயிடுச்சு. இப்ப மாத்திக் கொடுத்தா முதல்ல உங்களத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும் தம்பி. தாளைக் கொடுங்க."

முதல் இரண்டு கேள்விக்குப் பதிலை மாற்ற முடியாது. மூன்றாவது கேள்வியில் பேனா நின்றது. பார்த்திருக்கிறாரா? ஆம் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினால் முதலில் எழுதியதுதான். இருபத்தேழு வருஷமாகக் கட்டிக்காத்த உண்மை அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அவரைப் பார்த்து இளித்தது. கட்டத்தை விட்டுவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

"நான் பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பதற்காக ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று இருமினேன். இருமல் கேட்டதும் அவிழ்த்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கட்டாமல் எட்ட முடியாத எண்ணைப் போர்டில் எழுதியவன் நான். தாட்சாயிணியின் விரல்கள் போனதற்கு என் அஜாக்கிரதையும் காரணம், அவளுடையதைவிட என்னுடையது பெரியது."

பிரசன்னா அதை இரண்டு தரம் படித்தான். "சார், இருமினேன்னு எழுதியிருக்கீங்க. இது யாருக்கு சார் புரியும்?"

"லைன்ல இருக்கிற பதினோரு பேருக்கும் புரியும்."

பிரசன்னா தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் போனான். மேலே என்ன முடிவாகும், தாட்சாயிணியைத் திரும்ப எடுப்பார்களா, இவரை இன்றே அனுப்பிவிடுவார்களா, ஒன்றும் தெரியாது. மனோகரன் உட்கார்ந்திருந்தார். லைன் நின்று நின்று தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அமுக்குகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினார். வாழ்நாளில் முதல்முறையாக ஜெபத்தில் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

கால் மணி நேரம் இருக்கும். ஒரு மிஷின் வேகம் பிடித்தது. பிறகு இன்னொன்று. யாரோ போர்டில் பழைய எண்ணை மறுபடி எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது, நாலாவது என்று லைன் விடாமல் தட்ட ஆரம்பித்தது. நாலாவது மிஷினில் அந்தப் புதுப் பெண்.

மனோகரன் எழுந்தார். மாடிப்படியிலிருந்து பிரசன்னா, "சார், உக்காருங்க, மேல கூப்பிடுறாங்க" என்றான். "வர்றேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் லைனைப் பார்த்து நடந்தார். தண்ணீர் டிரம்மிடம் நிற்கவில்லை.